கெட்ட வார்த்தைகளுக்குப் பொறுப்பாளர்

மற்ற வேலைகளுக்கெல்லாம் கஸ்தூரிரங்கன் கம்ப்யூட்டரில் பத்து விரல்களாலும் தட்டுவார். கெட்ட வார்த்தை என்றால் மட்டும் ஒரே விரல். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, செத்த பல்லியைக் காகிதத்தால் தள்ளுகிறவர் போல முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவார். வார்த்தை முடிந்ததும் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்ததைத் தொடங்குவார்.

"இன்னிக்கு எத்தனை?" என்று சமையலறையிலிருந்து கேட்பார் அவர் மனைவி ஸ்ரீவித்யா.

"மூணு."

"மூணுக்கா இவ்வளவு நேரம்? ஒரு நாள் என் எட்டாம் கிளாஸ் பி செக்‌ஷன்ல வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்கோ. மதியத்துக்குள்ள முப்பது கிடைக்கும்."

ஸ்ரீவித்யா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்கு வாய்த்த வேலையை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை.

கஸ்தூரிரங்கனுக்கு ஐம்பத்தெட்டு வயது. செம்பாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி மாடி வீடு. இருபத்தாறு வருடம் படப்பைக்கு அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கம்பெனி பெயர் மங்கிப்போன டீ-ஷர்ட்டுகளைத்தான் இன்னும் வீட்டில் போட்டுக்கொள்கிறார். வெளியே கிளம்பினால் வேட்டி, அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் "படுத்தறாங்கப்பா" என்பார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கிடையாது.

அவருடைய வீட்டுக்கு முதல்முறை போகிறவர்கள் சுவிட்ச் போடக்கூடப் பயப்படுவார்கள். எல்லாவற்றின் மேலும் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். குளியலறை விளக்கின் கீழே அது மாட்டிய தேதி. ஸ்டெபிலைசர் மேல், "அணைத்தால் திரும்ப வர மூன்று நிமிடம் ஆகும். பதற வேண்டாம்." மொட்டைமாடிக் குழாய் மேல், "இடது பக்கம் திருப்பினால் மூடும். ஏன் என்று பிளம்பருக்கும் தெரியவில்லை." ஒரு காரியத்தைச் செய்தால் ஏன் செய்தோம் என்று பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும், நாளைக்கு யாரோ வந்து தெரியாமல் கைவைத்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். கம்பெனியில் இருந்தபோதும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்கு எழுதுகிற புரோகிராமில் ஒரு வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டுவிட்டால், கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். பிறகு வந்து பார்க்கிற மனிதர்களுக்காக எழுதி வைக்கிற குறிப்பு அது. கமெண்ட் என்பார்கள். மற்றவர்கள் பத்து வரிக்கு ஒரு கமெண்ட் எழுதினால் கஸ்தூரிரங்கன் ஒரு வரிக்குப் பத்து எழுதுவார்.

கெட்ட வார்த்தை வேலை அவருக்கு வந்து சேர்ந்தது மழையால்.

ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு, ஏரியைச் சுற்றியுள்ள ஒன்பது நகர்களின் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து மூன்று மோட்டார் பம்புகள் வாங்கின. எந்தத் தெருவில் தண்ணீர் நின்றாலும் அந்த வீட்டுக்காரர் தன் போனில் ஒரு புகார் போட்டால் போதும்; ஒருவருக்காக இன்னொருவர் போட முடியாது. அது சங்க அலுவலகத்தில் சுவரில் மாட்டியிருக்கும் டிவியில் வரிசையாக வரும். அதற்குப் பெயர் போர்டு; போனிலும் திறந்து பார்க்கலாம். போர்டில் வருகிற வரிசைப்படி டிராக்டர் பம்பை இழுத்துக்கொண்டு போகும். இந்த ஏற்பாட்டுக்கு வேண்டிய புரோகிராமைக் கஸ்தூரிரங்கன்தான் எழுதினார். சும்மா எழுதிக் கொடுத்தார்.

முதல் மழையிலேயே போர்டு நாறிப்போனது. தண்ணீரைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி எழுதினார்கள். கூட்டமைப்புச் செயலாளர் ஜெயகிருஷ்ணன் ஓய்வு பெற்ற காலேஜ் பிரின்சிபால். அவர் டிவியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாராம். "லேடீஸ் வந்து போற இடம் சார் இது. அசிங்கமா ஒரு வார்த்தை இருந்தாலும் அந்தப் புகார் போர்டுக்கு வரக் கூடாது. ஆட்டோமேட்டிக்கா நிக்கணும். நீங்க பண்ணிடுங்க." நிறுத்தி வைக்கிற புகார்களை வாரம் ஒருமுறை யாராவது படிப்பது என்றும் முடிவாயிற்று. யாராவது என்றால் கஸ்தூரிரங்கன்.

அரிசியில் கல் பொறுக்க வேண்டுமென்றால் கல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கஸ்தூரிரங்கன் தன் வாழ்நாளில் ஒருவரைத் திட்டிய உச்சம் "அசடு". ஆகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு டீக்கடைக்குப் போய், ஷேர் ஆட்டோக்காரர்கள் நிற்கிற பக்கமாகப் பாதி டீயோடு நின்றார். இரண்டாம் நாளே பிடித்துவிட்டார்கள்.

"இன்னா சார், நேத்துலருந்து பாக்கறேன், நாங்க பேசப் பேச எழுதிக்கினே கீற. ஆர்டிஓ ஆபீசா?"

கஸ்தூரிரங்கனுக்குப் பொய் வராது. உள்ளதைச் சொன்னார். ஆட்டோக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவருக்கு ஸ்டூல் போட்டார்கள்.

"எழுதிக்க சார். பேமானி. சோமாரி. கஸ்மாலம். பொறம்போக்கு."

"டேய், கய்தேவ உட்டுட்ட பாரு."

"அத போடாத சார். அது நம்ம ஃபிரண்ட செல்லமா கூப்புடறது. அதெல்லாம் நிறுத்தினா மனுசன் எப்புடி பேசறது?"

அன்று ஒரு நாளிலேயே அறுபத்திரண்டு வார்த்தைகள் கிடைத்தன. அவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது. அர்த்தம் கேட்ட ஒரே வார்த்தைக்கு அவர்கள் சொன்ன விளக்கத்தைக் கேட்டு டீயைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார். பிறகு அர்த்தம் கேட்கவில்லை. மாதக் கடைசியில் பட்டியல் நானூறைத் தாண்டியது.

பட்டியலைப் போட்ட அன்றிலிருந்து வேறு தொல்லை ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டுள்ளது" என்று அழகாக எழுதியிருந்தார். புரோகிராம் அதையும் நிறுத்திவிட்டது. தெருமுனையில் எருமை படுத்திருக்கிறது, நிறுத்திவிட்டது. பன்றி, நாய், குப்பை, எல்லாம் நின்றுபோயின. ஊரில் திட்டுவதற்குப் பயன்படுவதெல்லாம் ஊரில் இருக்கிற குறைகள்தான் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அதே வாரத்தில், "தங்கள் பரம்பரையே இப்படித்தானா என்று அறிய விரும்புகிறேன்" என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டு ஒருவர் எழுதிய புகார், கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லாததால், போர்டில் முதல் வரியாக ஜம்மென்று ஏறி உட்கார்ந்திருந்தது.

"படுத்தறாங்கப்பா" என்று கண்ணாடியைத் துடைத்தார். ஒன்றைத் தளர்த்தினால் இன்னொன்று நுழைந்தது. இறுக்கினால் நல்லவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சாப்பிடும்போதுகூட, "சனியன்னு போட்டா நிறுத்தணுமா, சனிக்கிழமைக்கு என்ன பண்றது" என்று யோசித்துக்கொண்டிருப்பார். "ரசத்தை ஊத்திக்கோங்கோ, சனிக்கிழமை தானா வரும்" என்பார் ஸ்ரீவித்யா.

தனக்கோடி விஷயம் போன வருடக் கார்த்திகையில் தெரியவந்தது. ஏரியின் உபரி நீர் போகிற கால்வாயை ஒட்டிய தெருவில் பதினேழாம் எண் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் தனக்கோடி. எழுதத் தெரியாது. போனைப் பார்த்துப் பேசுவாள், அது எழுத்தாக மாறிப் புகாராகப் போகும். பேசுவது போலத்தானே எழுத்து வரும். வாராந்திரம் படிக்க வேண்டிய பெட்டியைக் கஸ்தூரிரங்கன் திறந்தபோது அவளுடைய பதினோரு புகார்கள் கிடந்தன. மூன்று நாளாக வீட்டுக்குள் தண்ணீர். பதினொன்றிலும் கஸ்மாலம் இருந்தது.

அவர் அன்றே நேரில் போனார். தனக்கோடி பதினொன்றையும் வாயால் இன்னொரு முறை சொன்னாள். கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, வீடு முழுவதும் படிந்திருந்த சேற்றின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்று மாலை செய்த காரியத்தைத்தான் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சில வீடுகளுக்குத் தடையிலிருந்து விலக்கு வேண்டும். விலக்கு கொடுத்தால் ஏன் கொடுத்தோம் என்று காரணம் வேண்டும். பெயர் ஒரு பட்டியலிலும் காரணம் இன்னொரு இடத்திலும் இருந்தால், நாளைக்கு எவராவது வந்து காரணத்தை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அல்லது வேண்டிய பெயரைக் காரணமில்லாமல் சேர்ப்பார்கள். இரண்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும். ஆகவே கமெண்ட்டாக எழுதினார்: "தனக்கோடி, 17, கால்வாய்த் தெரு. வாய் அப்படி. சொன்னது ஒருமுறையும் பொய்யாக இருந்ததில்லை. விடு." பிறகு, கம்ப்யூட்டர் தாண்டிப் போக வேண்டிய அந்த வரிகளையே அது ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து படித்துப் பார்க்கும்படியும், "விடு" என்று முடிகிற வரியில் உள்ள வீட்டைத் தடுக்காதபடியும் செய்துவிட்டார்.

இந்தத் தொழிலில் இதைச் செய்யவே கூடாது. கமெண்ட் மனிதர்களுக்கு. அதைப் புரோகிராம் நம்பி நிற்பது என்பது, சுவரில் ஒட்டிய காலண்டரை எடுத்தால் சுவரே விழும்படி வீடு கட்டுவது மாதிரி. கஸ்தூரிரங்கனுக்கு அது நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்த வேலைப்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. மெல்ல மெல்ல முப்பத்தொரு வீடுகளுக்கு "விடு" போட்டார்.

இந்த வருடம் புரட்டாசியில் ஒரு புரளி கிளம்பியது. செயலாளர் தெருவுக்குத்தான் பம்பு முதலில் போகிறது, மற்றவர்கள் புகாரை அமுக்கிவிடுகிறார்கள் என்று. ஜெயகிருஷ்ணனுக்கு ரோஷம். "ஒளிவு மறைவே கிடையாது. புரோகிராமையே வெளியில வெச்சிடுவோம். யார் வேணா படிச்சுப் பாக்கட்டும்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலேயே இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றச் செய்துவிட்டார்.

புரோகிராமை ஒருவரும் படிக்கவில்லை. கமெண்ட்டை எல்லாரும் படித்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பொழிச்சலூர் வரை வாட்ஸாப்பில் சுற்றியது.

"எஃப்-4 வீடு. சார் காலை ஒன்பதுக்குமுன் எழுதினால் நம்பலாம். மாலையில் எழுதினால் மறுநாள் பார்."

"இந்த வரி ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை. நான் தொட மாட்டேன். நீயும் தொடாதே."

"இங்கே நாற்பது என்று இருப்பது செயலாளர் சொன்னதால். ஏன் நாற்பது என்று அவருக்கும் தெரியாது."

எஃப்-4 சார் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாகச் சொன்னார். தனக்கோடியை மட்டும் கஸ்தூரிரங்கன் மளிகைக் கடை வாசலில் எதிர்கொள்ள நேர்ந்தது. அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கப் பார்த்தார்.

"நில்லு சார். ஏரியா பூரா என் வாயி பேமஸ் ஆயிடுச்சாமே?"

"அது வந்து, நான் எழுதினது என்னன்னா..."

"மருமவன் படிச்சுக் காமிச்சான். பொய்யா இருந்ததில்லன்னு போட்டுகிற. என்னப் பெத்தவன்கூட அப்படிச் சொன்னதில்ல சார்." சொல்லிவிட்டு மாவுப் பை ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அந்த மாவில் சுட்ட தோசையைச் சாப்பிட்டு முடித்து அரை மணி நேரத்தில் ஜெயகிருஷ்ணன் வீட்டுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அங்கே அவர் மகள் விஷ்ணுப்ரியா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். சிறுசேரியில் பெரிய கம்பெனியில் இருக்கிறாள். கெட்டிக்காரி.

"அங்கிள், கமெண்ட்ஸ் எல்லாம் சூப்பர். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா அப்பாவுக்கு பிபி ஏறுது. அதான் மொத்தமா எடுத்துடலாம்னு."

"மொத்தமாவா?"

"ஒவ்வொண்ணா பாத்தா நாள் ஆகும். இதுக்கு டூல் இருக்கு, அரை நிமிஷம். கம்ப்யூட்டர் கமெண்ட்டைப் படிக்கவே படிக்காதுப்பா" என்று தந்தையின் பக்கம் திரும்பி விளக்கினாள். "எடுத்தா புரோகிராமுக்கு ஒண்ணும் ஆகாது. இல்ல அங்கிள்?"

கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடம் இதே தொழிலில் இருந்துவிட்டு, தன்னில் பாதி வயதுப் பெண்ணிடம், அவளுடைய தந்தையையும் வைத்துக்கொண்டு, நான் கமெண்ட்டைப் படிக்க வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மேஜையில் காபி வைத்திருந்தார்கள்.

"பொதுவா அப்படித்தான்" என்றார். காபியை எடுத்துக்கொண்டார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. இனிமேல் எந்த மாற்றமும் தன் கண்ணில் பட்ட பிறகுதான் போக வேண்டும் என்று விஷ்ணுப்ரியா ஒரு பூட்டும் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு விஷயத்தை விளக்கிக் கடிதம் எழுத ஆரம்பித்தார். முதல் கடிதம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது, அழித்தார். இரண்டாவது அவளைக் குறை சொல்வது போல இருந்தது. மூன்றாவதில் தான் செய்தது ஒருவிதத்தில் சரிதான் என்று மூன்று பக்கம் வாதாடியிருந்தார். "நாலு வரி போன்ல சொல்ல முடியாதா உங்களால?" என்றார் ஸ்ரீவித்யா. "சொல்றேன், சொல்றேன். வெயில் காயறது, இப்ப என்ன அவசரம்." ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் நடுராத்திரியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. காலை ஏழு மணிக்குள் தெருவிளக்குக் கம்பத்தின் அடிப்பெட்டி தெரியவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கஸ்தூரிரங்கன் போனில் போர்டைத் திறந்து பார்த்தார். ஒன்பது நகர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு புகார். மெயின் ரோட்டு அடுக்குமாடிக் கட்டிடத்தின் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர், தயவுசெய்து ஆவன செய்யவும் என்று இங்கிலீஷில். அதற்கு ஒரு பம்பு போயிருந்தது. கீழே செயலாளர் ஒரு பூ படம் போட்டு எழுதியிருந்தார்: "இந்த ஆண்டு முன்னேற்பாடுகள் சிறப்பு. புகார்களே இல்லை."

அவர் நிறுத்தி வைத்த பெட்டியைத் திறந்தார். நாற்பத்து மூன்று கிடந்தன. தனக்கோடியுடையவை ஐந்து. முதலாவது, "தண்ணி வாசப்படி தாண்டிடுச்சுடா கஸ்மாலங்களா." ஐந்தாவது, ஆறு நாற்பதுக்கு வந்தது: "கெழவி கட்டிலு கால் முங்கிப் போச்சு. ஆபரேசன் பண்ண இடுப்பு, தூக்க முடியல. பம்ப அனுப்புங்கடா பேமானிங்களா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

விஷ்ணுப்ரியாவைக் கூப்பிட்டார். ஒன்பது நாளாக எழுத வராத விஷயம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"கமெண்ட்டைப் படிக்க வெச்சிருந்தீங்களா, அங்கிள்?"

"ஆமாம்."

"ஏன்?"

"பேரும் காரணமும் ஒரே இடத்துல இருக்கணும்னு."

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். "பழையபடி ஏத்தறேன், ஒரு மணி நேரம் ஆகும். ஆனா ஏற்கெனவே நின்னதெல்லாம் தானா போகாது. அவங்க திரும்ப அனுப்பணும். அதுக்கு முன்னாடி அப்பாகிட்ட சொல்லி நேரா பம்பை அனுப்பச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டார், நீங்க சொல்லுங்க."

செயலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றதை நம்பறேன் சார். ரெண்டு பம்பு சும்மாதான் நிக்குது. ஆனா போர்டுல வராம ஒரு வீட்டுக்கு அனுப்பினேன்னு வைங்க, நாளைக்கு மத்த எட்டு நகரும் என் சட்டையைப் பிடிக்கும். இப்பதான் அந்தப் பேச்சு அடங்கியிருக்கு. போர்டுல வந்தா பம்பு, வராட்டி இல்லை. இந்த ரூலை எழுதினதே நீங்கதானே?"

அது உண்மை. கஸ்தூரிரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "குடை" என்று ஸ்ரீவித்யா மாடியிலிருந்து கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

கால்வாய்த் தெருவில் எது கால்வாய், எது தெரு என்று தெரியவில்லை. மதில்களைப் பிடித்துக்கொண்டே போனார். பதினேழாம் எண் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மாவு அரைக்கிற கிரைண்டர்கள் இரண்டும் மூழ்கியிருந்தன. ஒரு மாவுச் சட்டி மிதந்து வந்து அவர் தொடையில் முட்டியது. நடு அறையில் இரும்புக் கட்டிலின் நான்கு கால்களையும் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். மேலே போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள் தனக்கோடியின் மாமியார் பாலாம்பாள். தண்ணீர் மெத்தைக்கு நான்கு விரற்கடைதான் கீழே இருந்தது. தனக்கோடியும் மருமகனும் கட்டிலுக்கு இரு பக்கமும் நின்று, இன்னொரு வரிசை செங்கல் வைப்பதற்காகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கும்போதெல்லாம் கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"யாரு வந்துகிறது, பம்புக்காரனா?" என்றாள் பாலாம்பாள்.

"இல்ல பாட்டி, கம்ப்யூட்டரு சாரு" என்றான் மருமகன்.

"அவுரு இன்னாத்துக்கு இப்ப?"

கஸ்தூரிரங்கன் கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்தார். மூன்று பேருமாகத் தூக்கியும் ஒரு செங்கல் உயரத்துக்குக்கூட வரவில்லை. கிழவி கத்தியதும் இறக்கிவிட்டார்கள். தனக்கோடி தலையிலிருந்து வழிகிற தண்ணீரைப் புறங்கையால் வழித்துவிட்டு அவரைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

"அஞ்சு தபா சொன்னேன் சார். நீதான எழுதின, இவ பொய் சொல்ல மாட்டான்னு. எங்க போச்சு அது?"

"எடுத்துட்டாங்க. எடுக்கறப்போ நானும் பக்கத்துலதான் இருந்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

"இன்னாத்துக்கு?"

அந்த நேரத்தில் போன் அடித்தது. ஜெயகிருஷ்ணன்.

"சார், பொண்ணு எல்லாம் சொன்னா. நான் போர்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னும் வரலை. ஒண்ணு பண்ணுங்க. அந்தம்மாவை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கெட்ட வார்த்தை இல்லாம, கொஞ்சம் மரியாதையா சொல்லச் சொல்லுங்க. போர்டுல ஏறிடும். உடனே அனுப்பிடறேன்."

கஸ்தூரிரங்கன் கட்டிலைப் பார்த்தார். தண்ணீர் இப்போது மூன்று விரற்கடைதான் கீழே.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இன்னா சொல்றாரு?" என்றாள் தனக்கோடி.

கஸ்தூரிரங்கன் போனின் ஸ்பீக்கரைப் போட்டார். சத்தத்தை முழுக்க ஏற்றினார். பிறகு கையை நீட்டி, "எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க" என்று போனைத் தனக்கோடியின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.